தண்ணீரில் கரைத்த லெவோடோபா ஏன் கறுக்கிறது? கடற்கரை வீட்டில் பார்க்கின்சன் மருந்தைக் காப்பது பற்றி

தொண்டிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அத்தாவுக்கு, அதாவது உங்கள் அப்பாவுக்கு, 72 வயது, பார்க்கின்சன் வந்து சில வருடங்கள் ஆகின்றன. லெவோடோபா 250 மில்லிகிராமும் கார்பிடோபா 25 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை, ஒரு நாளைக்கு மொத்தம் மூன்றரை, நாலு வேளையாகப் பிரித்து. மாத்திரை தொண்டையில் நிற்கிறது என்பதால் காலையிலேயே அத்தனையையும் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு மூடிவைத்து, வேளைக்குக் கொஞ்சமாகக் கொடுக்கிறீர்கள். மதியம் லுஹர் தொழுகைக்குள் தண்ணீர் பழுப்பாகிறது, ராத்திரி இஷா தொழுகைக்குப் பிறகு கொடுக்கும் கடைசி வேளைக்குள் கறுத்தே போகிறது. மறுநாளுக்காக அட்டையிலேயே விட்டுவைத்த அரை மாத்திரையின் உடைந்த ஓரத்திலும் அதே நிறம். எக்ஸ்பைரிக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. மருந்து கெட்டுவிட்டதா, ஃப்ரிட்ஜில் வைக்கலாமா, கெடாத மருந்து செய்யக் கம்பெனிகளால் முடியாதா என்று மூன்று கேள்வி. போகிற போக்கில், காலையில் அத்தா மந்தமாகக் கிடக்கிறார், ராத்திரி கை கால் தானாக நெளிகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கடைசி வரிதான். ஆனால் நீங்கள் உண்மையில் பயப்படுவது வேறு: இத்தனை நாள் அத்தாவுக்கு விஷத்தைக் கொடுத்துவிட்டோமோ என்று.

இல்லை, அப்படி நினைத்துக் கலங்காதீர்கள். அந்தக் கறுப்பு, நம் தோலிலும் முடியிலும் இருக்கும் மெலனின் வகையைச் சேர்ந்த நிறமி. கவலைப்பட வேண்டியது நிறத்துக்காக அல்ல, அத்தாவின் வயிற்றுக்குள் எவ்வளவு மருந்து போகிறது என்று யாருக்கும் தெரியாமல் போனதற்காக. இதைப் படித்துவிட்டு யாரும் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. மாத்திரை கறுத்திருக்கிறது, புதுசு வாங்கும்வரை நிறுத்திவைப்போம் என்று நிறுத்திவிடாதீர்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்குக் கடும் காய்ச்சல், உடம்பு கட்டையாக விறைப்பது, நினைவு குழம்புவது என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரும். கறுத்த மாத்திரையைவிட மாத்திரை இல்லாத நாள் மோசமானது. இன்றைய வேளைக்குப் புது அட்டையைப் பிரித்துக் கொடுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

நான் டாக்டர் இல்லை. பார்மசி படித்து, ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரைகள் எத்தனை நாள் தாங்கும் என்று சோதிக்கும் ஸ்டெபிலிட்டி பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவன். இப்போது இதே ராமநாதபுரம் கடற்கரையில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். மருந்து எப்படிக் கெடும், எப்படிக் காப்பது என்பதைத் தைரியமாகச் சொல்வேன். அத்தாவுக்கு எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்பதை அவருடைய நரம்பியல் டாக்டர்தான் சொல்ல வேண்டும், அதில் நான் தலையிட மாட்டேன்.

சரி, ஏன் கறுக்கிறது? லெவோடோபா மூலக்கூறில் கேட்டகால் என்ற ஓர் அமைப்பு இருக்கிறது. ஒரு கார்பன் வளையத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹைட்ராக்சில், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி. காற்றிலுள்ள ஆக்சிஜன் கிடைத்தால் அது குவினோனாக மாறும், குவினோன்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கடைசியில் கறுப்பு நிறமி ஆகும். நறுக்கிய வாழைக்காய் கறுப்பதும் ஏறக்குறைய இதே வேதியியல்தான். காய்ந்த மாத்திரைக்குள் இது மிக மெதுவாக நடக்கும். தண்ணீர் சேர்ந்தால் வேகம் பிடிக்கும். வெயிலும் வெளிச்சமும் இன்னும் விரட்டும். தண்ணீரில் காரத்தன்மை இருந்தால், அல்லது இரும்பும் செம்பும் துளி அளவு இருந்தாலே, வேகம் பல மடங்கு. உடம்புக்கு நல்லது என்று செப்புக் குடத்தில் ஊறவைத்த தண்ணீரை எடுத்து மாத்திரை கரைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இந்த மருந்துக்கு அதைவிடப் பொருத்தமில்லாத தண்ணீர் கிடையாது. நம் பக்கத்து உப்புப் போர்த் தண்ணீரும் வேண்டாம். கரைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் காவிரித் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தது, அல்லது கேன் தண்ணீர், கண்ணாடி டம்ளர். வயிறு எரிகிறது என்று சோடா உப்பையோ ஜெல்லையோ அதோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், காரம் சேர்ந்தால் கண்ணெதிரே நிறம் மாறும்.

இப்போது அந்தக் காலை மந்தமும் ராத்திரி நெளிவும். லெவோடோபா தண்ணீரில் தாராளமாகக் கரையும் பொருள் அல்ல, ஒரு மில்லியில் சில மில்லிகிராம்தான் கரையும். மூன்றரை மாத்திரை என்றால் 875 மில்லிகிராம் லெவோடோபா. அதை 200 மில்லி டம்ளரில் போட்டால் கரையும் எல்லையை ஒட்டி நிற்கும். மாத்திரை உடைந்து தூளானதைக் கரைந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், மருந்தில் ஒரு பங்கு மாவோடு அடியில் உட்கார்ந்திருக்கும். ஒரு டம்ளரை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள்: மேலே தெளிந்த பழுப்புத் தண்ணீர், அடியில் விரல் அகலத்துக்கு வண்டல். காலையில் மேலாக ஊற்றிக் கொடுத்தது நீர்த்த மருந்து. ராத்திரி கலக்கிக் கொடுத்த கடைசி வாய் எல்லா வண்டலும் சேர்ந்தது. அளவு குறைந்த நேரத்தில் உடம்பு மந்தமாவதும், கூடிய நேரத்தில் தானாக நெளிவதும் லெவோடோபாவின் பழக்கமான முகங்கள். இதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். நோய் முற்றினாலும் மருந்து வேலை செய்யும் நேரம் சுருங்கும், நெளிவும் வரும். ஆகவே அந்த டம்ளரே முழுக் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ டாக்டரிடம் போகும் முன் இதைச் சரிசெய்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் அவர் வண்டலுக்கு வைத்தியம் பார்க்க வேண்டிவரும்.

கரைத்துக் குடிப்பதே தப்பு என்று சொல்லவில்லை. மாத்திரையைத் திரவமாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைக்கும் முறை நரம்பியல் டாக்டர்களிடம் பல காலமாக இருக்கிறது. அதன் கணக்கு வேறு: ஏறத்தாழ 1000 மில்லிகிராம் லெவோடோபா வரும் மாத்திரைகளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கூடவே 2 கிராம் வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம். லிட்டர் எதற்கு என்றால் எல்லாம் கரைவதற்கு. வைட்டமின் சி எதற்கு என்றால், அதன் புளிப்பு லெவோடோபாவை நிலைப்படுத்தும், ஆக்சிஜனையும் அது முந்திக்கொண்டு வாங்கிக்கொள்ளும். வெளிச்சம் படாத பாட்டிலில், ஃப்ரிட்ஜில், அன்றன்றைக்குச் செய்து அன்றே முடிப்பது. இதை நீங்களாகத் தொடங்க வேண்டாம். மணிக்கு எத்தனை மில்லி என்று டாக்டர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். எலுமிச்சை பிழிந்தால் போதாதா என்று கேட்பார்கள். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், அளவு நிற்காது. அப்போதே கரைத்து அப்போதே குடிப்பதற்கு இரண்டு சொட்டு விட்டால் கெடுதல் இல்லை, நாள் முழுக்கக் காப்பதற்கு அது போதாது.

உங்கள் வீட்டுக்கு இன்றே செய்யக்கூடியது எளிது. ஒவ்வொரு வேளைக்கும் அந்த வேளை மாத்திரையை மட்டும், கொடுக்கும் நேரத்தில் கரைத்து, உடனே குடிக்கவைத்து, டம்ளரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கழுவி அதையும் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன் பெட்டியைப் பாருங்கள். சிஆர், எஸ்ஆர், ஈஆர் என்று ஏதாவது எழுத்து இருந்தால் அது மெதுவாக அவிழும்படி செய்த மாத்திரை. அதைக் கரைக்கவோ பொடிக்கவோ கூடாது, பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே அடியாக இறங்கிவிடும். நீங்கள் சொன்ன 250க்கு 25 என்ற கணக்கு பொதுவாகச் சாதா மாத்திரைதான், ஆனாலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் மருந்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. பார்க்கின்சனில் விழுங்கும் சிரமம் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் கெட்டியானதைவிட வெறும் தண்ணீர்தான் ஆபத்து. அது வேகமாக ஓடி மூச்சுக்குழலுக்குள் நழுவிவிடும், இருமல் வராமலேயே நழுவுவதும் உண்டு. அப்புறம் நிமோனியா. மாத்திரை நிற்கிறது என்று தண்ணீருக்கு மாறியது நல்லெண்ணம்தான், ஆனால் குடிக்கும்போது அத்தா இருமுகிறாரா, குடித்தபின் குரல் ஈரமாகக் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் டாக்டரிடம் சொல்லி விழுங்கும் பயிற்சி தருபவரிடம் காட்டச் சொல்லுங்கள். அதுவரை நேராக உட்காரவைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, சாதா மாத்திரையைப் பொடித்து ஒரு கரண்டி கெட்டியான கஞ்சியில் வைத்துக் கொடுப்பது தண்ணீரைவிடப் பல பேருக்குச் சரிப்படுகிறது. பால், தயிர் வேண்டாம். புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலில் ஒரே வாசலில் நுழையப் போட்டிபோடும். நம் ஊரில் மதியம் மீனில்லாமல் சோறு ஏது? மீனை நிறுத்தத் தேவையில்லை, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் கொடுத்தால் போதும். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் அதற்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இரும்பு லெவோடோபாவைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வாந்தி என்று போனால் மெட்டோகுளோபிரமைடு எழுதித் தந்தால் வாங்காதீர்கள், அது பார்க்கின்சனை மோசமாக்கும். நோன்பு மாதத்தில் நாலு வேளையையும் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஒதுக்கிவிடுகிற வழக்கத்தையும் டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

கார்பிடோபாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உண்மையான நச்சுக் கேள்வி லெவோடோபாவைவிட அதில்தான் இருக்கிறது. கார்பிடோபாவில் ஹைட்ரசீன் என்ற பகுதி உண்டு. திரவத்தில் நீண்ட நேரம் இருந்தால் கார்பிடோபா சிதைந்து ஹைட்ரசீன் தனியாகப் பிரியும். ஹைட்ரசீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. இது ரகசியம் இல்லை. வெளிநாடுகளில் வயிற்றில் குழாய் வைத்துப் பம்பு மூலம் சிறுகுடலுக்குள் செலுத்தும் லெவோடோபா-கார்பிடோபா ஜெல் இருக்கிறது: ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் லெவோடோபா, 5 மில்லிகிராம் கார்பிடோபா, 100 மில்லி கேசட். அதன் ஐரோப்பியக் குறிப்பேட்டிலேயே, சராசரி அளவில் நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் வரை ஹைட்ரசீன் உள்ளே போகலாம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதனால் நோயாளிக்கு என்ன ஆகும் என்பது உறுதியாகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். நோய் முற்றியவர்களுக்கு அந்த ஜெல் தரும் நன்மை பெரியது என்பதால் டாக்டர்கள் அதை எடைபோட்டுக் கொடுக்கிறார்கள். கெட்டியாக்கி, குளிரில் வைத்து, மூடிய கேசட்டில் அடைத்து, வெளியே எடுத்தால் 16 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டும் அந்த நிலை. ஃபேனுக்கடியில் இருக்கும் நம் டம்ளருக்கு இதில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. உங்கள் டம்ளரில் எவ்வளவு உண்டாகியிருக்கும் என்று கணக்குச் சொல்லி உங்களைப் பயமுறுத்த எந்த அடிப்படையும் இல்லை. அப்போதைக்கப்போது கரைத்தால் அந்தக் கேள்வியே எழாது. காய்ந்த மாத்திரையைப் பொறுத்தவரை, கார்பிடோபா சிதைந்து வரும் பொருள்களுக்கு மருந்துத் தரநூல்களில் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு பேட்சும் அதைத் தாண்டாமல் வெளியே வர வேண்டும்.

எக்ஸ்பைரிக்கு ஒரு வருடம் இருந்தும் அரை மாத்திரை ஏன் கறுத்தது என்பதற்கு வருகிறேன், இது என் பழைய பிழைப்பு. மாத்திரைகளை அலமாரி மாதிரியான அறைகளில் வைப்போம். ஒன்றில் 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம், ஆறு மாதம். இன்னொன்றில் இந்திய விதிப்படி 30 டிகிரி, 70 சதவீதம், நீண்ட காலம். குறித்த நாள்களில் எடுத்து மருந்து எத்தனை சதவீதம் மிச்சம், சிதைவுப் பொருள் எவ்வளவு என்று பார்ப்போம். இந்த மாத்திரைக்கு அமெரிக்கத் தரநூலின் வரம்பு, அட்டையில் போட்ட அளவில் 90 முதல் 110 சதவீதம். எக்ஸ்பைரி தேதி இந்தச் சோதனையிலிருந்து பிறப்பது. ஆனால் சோதனை முழுக்க மூடிய அட்டையில் நடக்கிறது. படலத்தைக் கிழித்த நிமிடத்திலிருந்து அந்தத் தேதிக்கும் உங்கள் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை. தொண்டியிலும் பாம்பனிலும் விடிகாலைக் காற்றில் 75 சதவீத ஈரம் என்பது விசேஷமே இல்லை, ஓடு வேயாத தகர அறையில் சித்திரை மாதம் 40 டிகிரியும் விசேஷமில்லை. நாங்கள் மாத்திரையைப் படுத்துவதற்காகச் செயற்கையாக உண்டாக்கிய நிலையை உங்கள் வீட்டு ஜன்னலோர அலமாரி இலவசமாகவே தருகிறது. உடைத்த முகத்தில் பூச்சும் இல்லை, அழுத்திய மழமழப்பும் இல்லை, ஈரம் நேராக உள்ளே இறங்குகிறது. சில கம்பெனி மாத்திரைக்கு மஞ்சளோ நீலமோ சாயம் இருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, உடைத்துப் பார்த்தால்தான் சாம்பல் படர்ந்தது தெரியும்.

அட்டையிலும் சாதி உண்டு. ஒருபக்கம் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் குமிழ் கொண்டது நீராவியை மெதுவாக உள்ளே விடும். இரண்டு பக்கமும் அலுமினியமாக இருக்கும் அட்டை அநேகமாக விடாது. ஒரே மருந்து இரண்டு விதத்திலும் கிடைத்தால் கடற்கரையில் இருப்பவர்கள் முழு அலுமினிய அட்டையைக் கேட்டு வாங்குவது நல்லது. கடைக்காரர் கத்தரியால் வெட்டித் தரும்போது குமிழை ஒட்டி வெட்டினால் ஓரத்து ஒட்டு விட்டுப்போகும். கொஞ்சம் தள்ளி வெட்டச் சொல்லுங்கள், என் கடையில் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஞாயிறு திங்கள் என்று அறை பிரித்த பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு வாரத்துக்கு மாத்திரையை உரித்துப் போட்டு வைப்பது மற்ற மாத்திரைக்குச் சரி, இதற்கு வேண்டாம். அட்டையோடு வெட்டி அந்த அறையில் போட்டுக்கொள்ளுங்கள். அரை மாத்திரை தினமும் தேவைப்படுவதால், 100க்கு 25 மாத்திரையை வைத்து அளவை வேறு விதமாக அமைக்க முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள். உடைக்கிற வேலையே இருக்காது. முடியாவிட்டால் உடைத்த மறுபாதியை ஈரம் படாமல் இறுக மூடிவைத்து அடுத்த நாளைக்குள் கொடுத்துவிடுங்கள்.

ஃப்ரிட்ஜ் வேண்டாம். 30 டிகிரிக்குக் கீழே, ஈரமும் வெளிச்சமும் படாமல் இருந்தால் மாத்திரைக்குப் போதும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த அட்டையை நம் ஊர்க் காற்றில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள், முத்து முத்தாக வேர்க்கும். ஏற்கெனவே வெட்டிய அட்டை என்றால் அந்த வேர்வை மாத்திரைக்குத்தான் போகும். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், அடுப்பங்கரைக்கும் குளியலறைக்கும் தள்ளி, அலமாரியின் கீழ்த்தட்டில், இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம். செருப்புப் பெட்டியில் வந்த பழைய பொட்டலம் பிரயோஜனமில்லை, அது குடிக்க வேண்டிய ஈரத்தை எப்போதோ குடித்துவிட்டது. நிறம் மாறுகிற வகையாக வாங்கினால் எப்போது மாற்றுவது என்று தெரியும். பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஃப்ரிட்ஜுக்கு மேலே வைக்காதீர்கள், அந்த இடம் எப்போதும் சூடு. நோய் தொடக்கத்தில் இருந்து இன்னும் கடலுக்குப் போகிறவர்கள், சட்டைப்பையில் போடாமல் அன்றைக்குத் தேவையானதை மட்டும் அட்டையோடு ஒரு சின்ன டப்பாவில் கொண்டுபோகலாம்.

கெடாத மருந்து செய்ய முடியாதா என்ற கேள்விக்கு: அதற்காக அறுபது வருடமாகப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1967இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்ற டாக்டர் அதிக அளவில் டோபா கொடுத்துப் பலன் கண்டபோது, அது ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இடக்கை, வலக்கை வடிவங்கள் இரண்டும் கலந்த டோபா. சிலருக்கு ரத்த வெள்ளணுக்கள் குறைந்தன. ‘எல்’ எனப்படும் இடக்கை வடிவத்தை மட்டும் பிரித்துக் கொடுத்தபோது அந்தத் தொல்லை போனது. அப்புறம் கார்பிடோபா வந்து வாந்தியைக் குறைத்தது, லெவோடோபா அளவும் நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. தொழிற்சாலைக்குள்ளே செய்யும் வேலை வெளியே தெரியாது. மாவைத் தண்ணீர் ஊற்றிப் பிசையாமல் உலர்வாகவே அழுத்துவது, இரும்பையும் செம்பையும் பிடித்துவைக்கும் பொருள் சேர்ப்பது, சிட்ரிக் அமிலம் போலப் புளிப்பானதைச் சேர்ப்பது, சேர்க்கும் மாவிலேயே பெராக்சைடு எச்சம் இல்லாமல் பார்ப்பது. மாத்திரையில் சேர்க்கும் போவிடோன் வகைப் பொருள்களில் அந்த எச்சம் இருக்கும், மருந்தை உள்ளிருந்தே அரிக்கும்.

எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனமான வழி மூலக்கூறையே மாற்றுவது. லெவோடோபாவிலும் கார்பிடோபாவிலும் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிட்டால் தண்ணீரில் அபாரமாகக் கரைகிறது, உடம்புக்குள் போனதும் நொதிகள் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். ஃபாஸ்லெவோடோபா, ஃபாஸ்கார்பிடோபா என்று பெயர். மில்லிக்கு 240 மில்லிகிராம் ஃபாஸ்லெவோடோபா, அந்த ஜெல்லின் 20ஐ நினைத்துப் பாருங்கள். அதனால் வயிற்றில் ஓட்டை போடாமல் தோலுக்கடியில் சின்ன ஊசி வழியாக 24 மணி நேரமும் செலுத்த முடிகிறது. அமெரிக்காவில் 2024 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. ஊசி குத்தும் இடத்தில் புண்ணும் கட்டியும் கிருமித் தொற்றும் வருவது இதன் பலவீனம். ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் ஒழுகுவது இந்தத் தொழிலில் வழக்கம். பார்க்கின்சனுக்குப் போடும் இன்னொரு மருந்தான அபோமார்பின் ஊசி காற்றுப் பட்டால் பச்சையாகும், அப்படியானதைப் போடக் கூடாது. அதைத் தடுக்கச் சேர்க்கும் மெட்டாபைசல்பைட், ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும்.

ரோட்டிகோட்டின் பட்டையின் கதை எனக்கு எப்போதும் வியப்பு. தோலில் ஒட்டும் பார்க்கின்சன் மருந்து, சோதனையெல்லாம் தேறி விற்பனைக்கு வந்தது. பிறகு பட்டைக்குள் பனிப்பூ மாதிரி படிகங்கள் முளைத்தன. அதுவரை யாரும் பார்த்திராத ஒரு படிக வடிவம். படிகமான மருந்து தோலுக்குள் இறங்காது, ஆக நோயாளிக்குக் கிடைக்கும் அளவு குறையும். 2008இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஐரோப்பாவில் குளிர்ச்சங்கிலியில் வைத்துச் சமாளித்தார்கள். கலவையை மாற்றிச் செய்து அமெரிக்காவுக்குத் திரும்பியது 2012இல். மருந்து மாறவில்லை, அளவு மாறவில்லை, மூலக்கூறுகள் அடுக்கிக்கொண்ட விதம் மட்டும் மாறியதற்கு நாலு வருடம். சோதனை அறையில் தேறிவிட்டது என்று யாராவது மார்தட்டினால் எனக்கு இது நினைவுக்கு வரும்.

பக்கத்து வீட்டில் பூனைக்காலிப் பொடி கொடுக்கச் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அது வெறும் கட்டுக்கதை இல்லை. பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937இல் ஆய்விதழில் எழுதியவர்கள் சென்னையில் வேலை செய்த தாமோதரன், ராமசாமி என்ற இருவர். விதையில் சில சதவீதம் லெவோடோபா நிஜமாகவே இருக்கிறது, நோயாளிகளிடம் வேலை செய்கிறது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிரச்சினை அதேதான்: செடிக்குச் செடி, வறுப்புக்கு வறுப்பு, டப்பா திறந்திருந்த நாளுக்கு நாள் அளவு மாறும். மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் டாக்டருக்குத் தெரியாமல் இன்னொரு லெவோடோபா கொடுத்ததாகும். ராத்திரி நெளிவு இருக்கிற அத்தாவுக்கு இப்போது அது வேண்டவே வேண்டாம்.

அத்தாவின் பனியனில் வேர்வை பட்ட இடத்தில் கறை, சிறுநீர் சற்று நேரத்தில் கறுப்பது, இவற்றுக்காகப் பயந்து ஓட வேண்டாம். உடம்பிலிருந்து வெளியேறும் மருந்தின் மிச்சம் காற்றுப் பட்டுக் கறுக்கிறது. மருந்தின் குறிப்பேட்டிலேயே எழுதியிருக்கும், தீங்கில்லை. வலியோ ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் வேறு விஷயம், உடனே காட்டுங்கள்.

கடைசியாக, பிரிக்காத குமிழுக்குள்ளேயே மாத்திரை புள்ளி விட்டிருந்தால் அது உங்கள் வீட்டுத் தவறு என்று முடிவுகட்ட வேண்டாம். கடையிலோ கிடங்கிலோ வெயிலில் கிடந்திருக்கலாம், தயாரிப்பிலேயே கோளாறு இருக்கலாம். தூக்கிப் போடாமல் அட்டையோடு கடைக்குக் கொண்டுபோய் மாற்றிக் கேளுங்கள். மருந்தால் வேண்டாத விளைவு வந்தது என்று சந்தேகப்பட்டால் காசியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்துத் தரநூல் ஆணையம் நடத்தும் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியின் வீட்டாரே சொல்லலாம். மாவட்ட மருந்து ஆய்வாளரிடமும் புகார் தரலாம். எங்கே போனாலும் பேட்ச் நம்பரைத்தான் முதலில் கேட்பார்கள். பல அட்டைகளில் அதை ஒரு முனையில் மட்டும் அச்சடித்திருப்பார்கள், அந்த முனையைக் கடைசியாக வெட்டச் சொல்லி வாங்குங்கள்.